240 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டிய கணக்கு: ஸ்ட்ரோக்கர் இன்ஜின் ஓர் எளிய விளக்கம்

1987 முதல் 2001 வரை அமெரிக்காவில் விற்பனையான ஜீப் செரோக்கியின் பானட்டைத் திறந்தால், ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் 4.0 லிட்டர் பெட்ரோல் இன்ஜினைப் பெரும்பாலும் காணலாம். முரட்டு வார்ப்பிரும்பு பிளாக்கும் (சிலிண்டர்கள் அமைந்த உடல்பகுதி) எளிமையான அமைப்பும் கொண்ட இந்த இன்ஜின், இரண்டு லட்சம் மைல் ஓடிய பிறகும் சலிக்காமல் உழைக்கும் என்று பெயர் வாங்கியது. ஆனால் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் பலர் அவற்றைத் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே விட்டுவைப்பதில்லை. காட்டுப் பாதைக்காகச் சஸ்பென்ஷனை உயர்த்தி, சுமார் 28 அங்குல உயரமுள்ள பழைய டயர்களைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர்களை மாட்டுகிறார்கள். டயர் பெரிதானால் ஒரே முறுக்குவிசைக்குத் தரையில் கிடைக்கும் இழுவை அந்த அளவுக்குக் குறையும்; 28-ஐ 33-ஆல் வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 15 சதவீதம் போய்விட்டது தெரியும். நேற்று வரை மேட்டில் நிதானமாக ஏறிய வண்டி இன்று கியர் குறைக்கச் சொல்லித் திணறுகிறது.

வேறொரு பெரிய இன்ஜினைத் தூக்கி வைப்பது இதற்கு ஒரு வழி. அதற்கு இன்ஜின் தாங்கிகள், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், வயரிங் எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டும். இன்னொரு வழி, இருக்கும் இன்ஜினையே வெளித்தோற்றம் மாறாமல் உள்ளுக்குள் பெரிதாக்குவது. பிஸ்டன் மேலும் கீழும் பயணிக்கும் தூரத்தை நீட்டி இப்படிப் பெரிதாக்கப்பட்ட இன்ஜினைத்தான் ஸ்ட்ரோக்கர் என்கிறார்கள். பெயரைக் கேட்டால், பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்கை மாற்றினால் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் கிராங்க்கை மாற்றுவதோடு கணக்கு தொடங்குகிறது. ஒன்றை நீட்டினால் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும், அதைக் குறைத்தால் மூன்றாவது ஒன்றைச் சரிபார்த்தாக வேண்டும். இந்தச் சங்கிலியைப் புரிந்துகொள்வதே ஸ்ட்ரோக்கரைப் புரிந்துகொள்வது.

சி.சி. என்பது எங்கிருந்து வருகிறது

சிலிண்டரின் உள்விட்டத்துக்குப் போர் என்று பெயர். பிஸ்டன் கீழ்முனையிலிருந்து மேல்முனை வரை செல்லும் தூரம் ஸ்ட்ரோக். போரை அதே போரால் பெருக்கி, அதை 0.7854-ஆல் பெருக்கினால் சிலிண்டரின் குறுக்குப் பரப்பு கிடைக்கும். அதை ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு. அதைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கினால் இன்ஜினின் மொத்தக் கொள்ளளவு. நம் ஊர் வண்டியை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். சென்னைத் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரான ராயல் என்ஃபீல்ட் புல்லட் 350-க்குப் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.; கணக்குப் போட்டால் 346 சி.சி. வரும். புல்லட் 500-க்கும் ஸ்ட்ரோக் அதே 90 மி.மீ. தான், போர் மட்டும் 84 மி.மீ., கொள்ளளவு 499 சி.சி. பின்னர் வந்த 535 சி.சி. கான்டினென்டல் ஜிடியிலும் ஸ்ட்ரோக் 90 தான், போர் 87. ஆக, புல்லட் குடும்பம் ஸ்ட்ரோக்கைத் தொடாமல் போரை அகட்டியே வளர்ந்த குடும்பம். அந்த வகையில் அது ஸ்ட்ரோக்கருக்கு நேரெதிரான எடுத்துக்காட்டு.

போரை அகட்டுவது கணக்கில் அதிக லாபம் தரக்கூடியது, ஏனெனில் அது தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. இருந்தும் ஒரு பழைய பிளாக்கில் அதைச் செய்ய இடம் மிகக் குறைவு. சிலிண்டர் சுவர்களுக்கு வெளியே குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. சுவரைச் சுரண்டச் சுரண்ட அது மெலிந்து, சூட்டில் வளைந்து, ஒருநாள் வெடிக்கும். ஜீப்பின் 4.0 பிளாக்கில் 0.030 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர் ரீபோர் செய்வது வழக்கமான வேலை. 0.060 அங்குலம் வரை போகிறவர்களும் உண்டு; அப்படிப் போவதற்கு முன் மீயொலிக் கருவியால் ஒவ்வொரு சுவரின் தடிமனையும் அளந்து பார்ப்பது கட்டாயம் என்பேன். வார்க்கும்போது உள்ளச்சு சற்று நகர்ந்திருந்தாலும் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. முக்கால் மில்லிமீட்டர் ரீபோரால் மட்டும் கிடைக்கும் லாபம் 1.6 சதவீதத்துக்கும் குறைவு. எனவே கொள்ளளவை உணரும்படியாகக் கூட்ட வேண்டுமென்றால் ஸ்ட்ரோக்தான் மிஞ்சுகிறது.

ஒரே குடும்பத்துப் பாகங்கள்

ஜீப் ஸ்ட்ரோக்கர் இவ்வளவு பரவலானதற்கு அந்த இன்ஜினின் பிறப்பு வரலாறே காரணம். அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் 1964-இல் ஒரு புதிய ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கொண்டுவந்தது. அதன் கொள்ளளவு 232 கன அங்குலம், போர் 3.75 அங்குலம், ஸ்ட்ரோக் 3.5 அங்குலம். 1971-இல் அதே போரை வைத்துக்கொண்டு ஸ்ட்ரோக்கை 3.895 அங்குலமாக நீட்டி 258 கன அங்குல இன்ஜினைத் தயாரித்தார்கள். லிட்டர் கணக்கில் இது 4.2. தொழிற்சாலையே அன்று ஒரு ஸ்ட்ரோக்கரைக் கட்டியிருக்கிறது என்று சொன்னால் தவறில்லை. பிறகு 1987 மாடலுக்காக வந்த 4.0 லிட்டர் இன்ஜினில் எதிர்த்திசையில் போனார்கள்: போரை 3.875 அங்குலமாக அகட்டினார்கள், ஸ்ட்ரோக்கை 3.414 அங்குலமாகக் குறைத்தார்கள். அதே ஆண்டில் கிரைஸ்லர் அந்த நிறுவனத்தை வாங்கியது. இன்ஜின் மட்டும் 2006-ஆம் ஆண்டு ஜீப் ராங்லர் வரை தொடர்ந்து தயாரானது.

இரண்டு இன்ஜின்களின் அளவுகளும் வேறானாலும் அடிப்படை எலும்புக்கூடு ஒன்றே. இரண்டிலும் கிராங்க்கை ஏழு மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. அந்தப் பேரிங்குகள் அமரும் தண்டின் விட்டம் இரண்டிலும் 2.5 அங்குலம், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு அமரும் தண்டின் விட்டமும் இரண்டிலும் ஒன்றே. அதனால் 1990 வரை ராங்லரில் வந்த பழைய 4.2 லிட்டர் இன்ஜினின் கிராங்க்கை எடுத்து 4.0 பிளாக்கில் வைத்தால், லேத்தில் ஒரு வேலையும் செய்யாமலே அது தன் இருக்கையில் அமர்ந்துவிடும். இந்த வசதி எல்லாக் குடும்பங்களிலும் கிடைப்பதில்லை. ஷெவ்ரோலேயின் 350 கன அங்குல வி8 பிளாக்கில் 400 இன்ஜினின் கிராங்க்கை வைத்து 383 ஆக்குவது அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற ஸ்ட்ரோக்கர். ஆனால் அங்கே 400 கிராங்க்கின் மெயின் தண்டு 2.65 அங்குலம், 350 பிளாக்கின் இருக்கையோ 2.45 அங்குலத் தண்டுக்கானது. எனவே தண்டைக் கடைந்து சிறிதாக்கிய பிறகே பொருத்த முடியும்.

இனி ஜீப்பின் கணக்கைப் போடலாம். 0.030 அங்குலம் ரீபோர் செய்த 4.0 பிளாக்கின் போர் 3.905 அங்குலம். 4.2-இன் கிராங்க் தரும் ஸ்ட்ரோக் 3.895 அங்குலம். ஆறு சிலிண்டருக்கும் கூட்டினால் 280 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 4,590 சி.சி. ஆலையிலிருந்து வந்த 3,960 சி.சி.யை விட இது 16 சதவீதம் அதிகம். முதலில் சொன்ன 33 அங்குல டயர் பறித்துக்கொண்ட 15 சதவீதத்தை இந்த 16 சதவீதம் ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகிறது. டயருக்காக மட்டும் ஸ்ட்ரோக்கர் கட்ட நினைப்பவர், ஆக்ஸிலில் உள்ள கிரௌன், பினியன் கியர்களின் விகிதத்தை மாற்றுவதை முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. அது இன்ஜினைத் தொடாமலே முடிகிற வேலை. எப்படியும் இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்ட வண்டிக்குத்தான் ஸ்ட்ரோக்கர் பொருத்தமானது.

பிளாக்கின் உயரம் என்ற எல்லை

கிராங்க்கின் மையத்திலிருந்து பிளாக்கின் மேற்பரப்பு வரையுள்ள தூரத்துக்கு டெக் உயரம் என்று பெயர். ஜீப் 4.0-இல் இது ஏறத்தாழ 240 மி.மீ. பிளாக் ஒரே வார்ப்பு என்பதால் இந்த உயரத்தைக் கூட்ட வழியில்லை; சீவிக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். பிஸ்டன் மேல்முனையில் நிற்கும்போது மூன்று நீளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன: ஸ்ட்ரோக்கில் பாதி, கனெக்டிங் ராடின் நீளம், பிஸ்டனை ராடோடு கோக்கும் பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம். இந்த மூன்றின் கூட்டுத்தொகை டெக் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் பிஸ்டன் தலை பிளாக்குக்கு மேலே எட்டிப் பார்த்து, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் மோதும்.

ஆலையில் அமைந்த 4.0 இன்ஜினுக்கு இந்தக் கூட்டல்: 43.36 + 155.58 + 40.67 = 239.61 மி.மீ. இதில் கிராங்க்கை மட்டும் மாற்றினால் முதல் எண் 49.47 ஆகிவிடும், பிஸ்டன் ஆறு மில்லிமீட்டருக்கும் மேல் உயரும், ஹெட்டைப் பூட்டவே முடியாது. அந்த ஆறு மில்லிமீட்டரை எங்கே குறைப்பது என்பதில்தான் ஸ்ட்ரோக்கர் கட்டுபவர்கள் இரண்டு வழிகளில் பிரிகிறார்கள்.

முதல் வழியில், கிராங்க்கோடு சேர்த்து 4.2 இன்ஜினின் ராடுகளையும் எடுத்துக்கொள்கிறார்கள். அவை 149.23 மி.மீ. நீளமுள்ளவை, 4.0 ராடை விட 6.35 மி.மீ. குட்டையானவை. இப்போது கூட்டிப் பாருங்கள்: 49.47 + 149.23 + 40.67 = 239.37. பழைய கூட்டுத்தொகையிலிருந்து கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு வண்டிகளுக்காகச் செய்யப்பட்ட பாகங்கள் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவதை முதன்முறை தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பாகங்களையும் ஓவர் சைஸ் பிஸ்டன்களையும் கொண்டே இதை முடிக்கலாம் என்பதால் செலவும் குறைவு.

இரண்டாவது வழியில், நீளமான 4.0 ராடையே வைத்துக்கொண்டு, பிஸ்டன் பின் சற்று மேலே தள்ளி அமைக்கப்பட்ட தனி பிஸ்டன்களை வாங்குகிறார்கள். ராடு குட்டையானால், பாதித் தூரத்தில் அது அதிகம் சாய்ந்து நின்று பிஸ்டனைச் சிலிண்டர் சுவரின்மீது பக்கவாட்டில் அழுத்துகிறது. ராடு நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் ஆலை 4.0-க்கு 1.79, குட்டை ராடு ஸ்ட்ரோக்கருக்கு 1.51, நீள ராடு ஸ்ட்ரோக்கருக்கு 1.57. இந்த எண் குறையக் குறையப் பக்கவாட்டு உரசல் கூடும், பிஸ்டனின் கீழ்ப்பாவாடைப் பகுதி விரைவில் தேயும். நீள ராடு மேலானது என்பது உண்மை, ஆனால் 1.51-க்கும் 1.57-க்கும் உள்ள வேறுபாட்டுக்காகவே தனி பிஸ்டன் செலவை ஏற்கத் தேவையில்லை. தனி பிஸ்டனின் பெரிய நன்மை வேறிடத்தில் இருக்கிறது. அதைக் கம்ப்ரஷன் பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

நீண்ட கை என்ற தவறான எண்ணம்

ஸ்ட்ரோக்கர் ஏன் அதிக முறுக்குவிசை தருகிறது என்று கேட்டால், கிராங்க்கின் கை நீண்டுவிட்டதால் நெம்புகோல் போல அதிகம் திருப்புகிறது என்று பலரும் பதில் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருந்தாலும் இது முழு உண்மையன்று. கொள்ளளவை மாற்றாமல் ஸ்ட்ரோக்கை நீட்டினால் போரைக் குறைத்தாக வேண்டும். கை எவ்வளவு நீண்டதோ, பிஸ்டன் தலையின் பரப்பும் அதன்மேல் விழும் விசையும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். முறுக்குவிசையைக் கூட்டுவது கொள்ளளவே: ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் காற்றும் பெட்ரோலும் உள்ளே வந்து எரிகின்றன. அந்தக் கூடுதல் கொள்ளளவை அடையும் வழியாக ஸ்ட்ரோக் அமைகிறது.

இதே காரணத்தால் குதிரைத்திறன் அதே விகிதத்தில் கூடுவதில்லை. 1990 ராங்லரின் 4.2 லிட்டர் கார்புரேட்டர் இன்ஜின் 112 குதிரைத்திறன் தந்தது. அதைவிடச் சிறியதான 4.0, 1991 செரோக்கியில் 190 தந்தது. காற்று உள்ளே வரும் வழியும் எரிபொருளைச் செலுத்தும் முறையுமே இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கின. ஸ்ட்ரோக்கர் கட்டும்போது 4.0-இன் ஹெட்டையே பயன்படுத்துகிறோம். வால்வுகளின் அளவு மாறவில்லை, உறிஞ்ச வேண்டிய காற்று மட்டும் 16 சதவீதம் கூடிவிட்டது. ஆகவே குறைந்த ஆர்.பி.எம்.மில் இன்ஜின் செழிப்பாக இழுக்கும். மேலே போகப் போகப் பழைய இன்ஜினை விடச் சற்று முன்னதாகவே மூச்சு வாங்கும். பாறையில் ஊர்ந்து ஏறும் ஜீப்புக்கு வேண்டியது அந்தக் கீழ்ப்பகுதி இழுவைதான்.

வேகத்திலும் ஒரு விலை உண்டு. பிஸ்டனின் சராசரி வேகத்தை ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, வினாடிக்கான சுற்றுகளால் பெருக்கிக் காணலாம். 5,000 ஆர்.பி.எம்.மில் ஆலை 4.0-இன் பிஸ்டன் வினாடிக்கு 14.5 மீட்டர் செல்கிறது, ஸ்ட்ரோக்கரில் 16.5 மீட்டர். பழைய வேகத்துக்குள் நிற்க வேண்டுமானால் 4,400 ஆர்.பி.எம். அளவில் நிறுத்த வேண்டும். ராடு போல்ட்டுகள் சுமக்கும் பளுவும் அதற்கேற்பக் கூடுகிறது என்பதால், நாற்பது ஆண்டு பழைய ராடுகளைப் பயன்படுத்துபவர் போல்ட்டுகளையாவது புதிதாகப் போட்டுவிட வேண்டும்.

கம்ப்ரஷன்: அதிகம் பேர் சறுக்கும் இடம்

பிஸ்டன் கீழே நிற்கும்போது அதன் மேலுள்ள மொத்த இடத்தை, மேலே நிற்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைப்பது கம்ப்ரஷன் விகிதம். 1991-க்குப் பிந்தைய 4.0-இல் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 660 சி.சி., விகிதம் 8.8. இதிலிருந்து, மேல்முனையில் மிஞ்சும் இடம் ஏறத்தாழ 85 சி.சி. என்று கணக்கிடலாம். ஸ்ட்ரோக்கரில் ஒரு சிலிண்டர் 764 சி.சி. ஆகிறது. ஹெட்டும், அதற்கும் பிளாக்குக்கும் இடையில் வைக்கும் கேஸ்கெட்டும், பிஸ்டன் தலையின் வடிவமும் மாறாமல் இருந்தால், அந்தக் கூடுதல் காற்று முழுவதும் ஏறத்தாழ அதே இடத்துக்குள் நசுக்கப்படும். பிஸ்டன் கால் மில்லிமீட்டர் தாழ நிற்பதால் கிடைக்கும் 2 சி.சி.யைச் சேர்த்தாலும் விகிதம் 9.8-க்கு ஏறிவிடுகிறது.

விகிதம் ஏறினால் திறன் கூடும், அதோடு நாக்கிங் அபாயமும் கூடும். நாக்கிங் என்பது ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்கு முன்பே, ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் கலவை தானாகவே வெடித்துவிடுவது. பளு ஏறும்போது சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும்; கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் தலையும் ரிங் பள்ளங்களும் உடையும். அமெரிக்கப் பம்புகளில் சாதாரணப் பெட்ரோலுக்கு 87 என்று எழுதியிருக்கும். அங்கே இரண்டு வகை ஆக்டேன் எண்களின் சராசரியை எழுதுவது வழக்கம். நம் ஊர்க் கணக்கில் அது சுமார் 91. விகிதம் 9.8-இல் நிற்கும் இந்த வார்ப்பிரும்பு ஹெட் இன்ஜினை அந்தப் பெட்ரோலில் ஓட்டுவது அறிவுடைமை ஆகாது. விகிதத்தை 9.2-க்கு இறக்க வேண்டுமானால் மேல்முனையில் 93 சி.சி. இடம் வேண்டும், அதாவது பிஸ்டன் தலையில் இன்னும் 6 சி.சி. ஆழமான குழி தேவை.

இங்கே ஒரு தந்திரத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். தடித்த ஹெட் கேஸ்கெட் போட்டு விகிதத்தைக் குறைத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பிஸ்டன் மேலே வரும்போது அதன் தட்டையான ஓரமும் ஹெட்டின் தட்டையான ஓரமும் மிக நெருங்கி, இடையிலுள்ள கலவையைப் பிதுக்கி நடுவே தள்ளுகின்றன. அந்தப் பிதுக்கல் கலவையைக் கலக்கி, எரிதலை விரைவாக்கி, ஓரத்தில் தானாக வெடிக்க எதையும் மிச்சம் வைக்காமல் செய்கிறது. இதற்கு அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருப்பது நல்லது. குட்டை ராடு ஸ்ட்ரோக்கரில் பிஸ்டன் ஏற்கெனவே 0.7 மி.மீ. தாழ நிற்கிறது, அதோடு 1.1 மி.மீ. கேஸ்கெட் சேர்ந்தால் இடைவெளி 1.8 மி.மீ. ஆகிவிடும். தடித்த கேஸ்கெட் அதை இன்னும் அகட்டும்: விகிதம் குறையும், நாக்கிங் குறையாது. சரியான தீர்வு, பிளாக்கின் மேற்பரப்பை அரை மில்லிமீட்டர் சீவி பிஸ்டனை நெருங்கவிட்டு, அதனால் இழக்கும் சுமார் 4 சி.சி. இடத்தையும் சேர்த்துப் பிஸ்டன் குழியில் எடுத்துக்கொள்வது. தனி பிஸ்டன் வாங்குவதன் உண்மையான நன்மை இதுதான். பின் உயரத்தையும் குழியின் ஆழத்தையும் நம் கணக்குக்கேற்பத் தேர்ந்தெடுக்க முடிகிறது. பிளாக்கைச் சீவினால் ஹெட் தாழ்ந்து வரும் என்பதால், வால்வுகளை இயக்கும் புஷ் ராடுகளின் நீளத்தையும் மறுபடி அளக்க வேண்டும்.

பெட்ரோல் செலுத்தும் பக்கம் சற்று எளிது. இந்த ஜீப்பின் கணினி உள்ளே வரும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. காற்று நுழையும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஆர்.பி.எம்.மையும் பார்த்து, இது 4.0 லிட்டர் இன்ஜின் என்ற நம்பிக்கையில் காற்றின் அளவை ஊகிக்கிறது. கொள்ளளவு 16 சதவீதம் கூடியது அதற்குத் தெரியாது. பெட்ரோலைப் பீய்ச்சும் அதே இன்ஜெக்டர்களோடு முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டினால் கலவை வறண்டு, சூடேறி, மறுபடி நாக்கிங்கில் கொண்டுவிடும். ஏறத்தாழ அதே விகிதத்தில் அதிகம் பாய்ச்சும் இன்ஜெக்டர்களை, பெரும்பாலும் மணிக்கு 24 பவுண்டு அளவுள்ளவற்றை, மாட்டிவிட்டால் கணினியின் தவறான ஊகத்தை ஈடுசெய்யும்படி பெட்ரோலும் கூடிவிடும்.

கையால் சுற்றிப் பார்க்கும் நாள்

தாளில் போட்ட கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், இரும்பு அதை ஒப்புக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே இன்ஜினைக் கட்ட வேண்டும். முதலில் பழைய கிராங்க். காந்தப் பொடி கொண்டு விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, தேய்ந்திருந்தால் 0.010 அங்குலம் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங்குகளை வாங்க வேண்டும். 4.2 கிராங்க்குகளில் பழையவை பன்னிரண்டு எதிர்எடைகளோடு கனமாகவும், பிந்தையவை நான்கு எதிர்எடைகளோடு இலேசாகவும் இருக்கும். எதை எடுத்தாலும் ராடு, பிஸ்டன்களோடு சேர்த்து பேலன்ஸ் செய்துகொள்வது நல்லது. முன்மூக்கின் நீளமும், பின்முனையில், கியர் பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் அமரும் துளையும் 4.0 கிராங்க்கிலிருந்து வேறுபடலாம் என்பதால் அவற்றையும் பூட்டுவதற்கு முன்பே அளக்க வேண்டும். ஹெட் வாங்குவதிலும் கவனம் தேவை. 0331 என்ற வார்ப்பு எண் கொண்ட ஹெட்டுகளில், குறிப்பாக 2000, 2001 ஆண்டுகளைச் சேர்ந்தவை, மூன்றாவது, நான்காவது சிலிண்டர்களுக்கு நடுவே விரிசல் விடுவதற்குப் பெயர் பெற்றவை.

பேரிங் இடைவெளியை அளக்க மெழுகு நூல் போன்ற ஒரு மெல்லிய இழை கடையில் கிடைக்கும், பிளாஸ்டிகேஜ் என்பார்கள். கிராங்க் தண்டை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, இழையில் ஒரு துண்டை நீளவாக்கில் கிடத்தி, பேரிங் மூடியை வைத்து டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு முறுக்க வேண்டும். இப்போது கிராங்க்கை ஓர் இழைகூடத் திருப்பக் கூடாது. மூடியைக் கழற்றினால் இழை நசுங்கி ஒரு பச்சை நாடாவாகப் படிந்திருக்கும். உறையின்மேல் அச்சிட்டிருக்கும் கோடுகளை அருகே வைத்து நாடாவின் அகலத்தை ஒப்பிட்டால், இடைவெளி எத்தனை என்று தெரிந்துவிடும். சுமார் 0.05 மி.மீ. வந்தால் நிம்மதி. நாடா ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருந்தால் தண்டு சாய்வாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். கிராங்க் மறுபடி கிரைண்டிங்குக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்து, ரிங்குகள் போடாத ஒரு பிஸ்டனை ராடோடு இறக்கிக் கிராங்க்கை மெதுவாகக் கையால் சுற்ற வேண்டும். நீண்ட ஸ்ட்ரோக்கில் ராடின் போல்ட் தலை பழைய இன்ஜினை விட ஆறு மில்லிமீட்டர் வெளியே வீசி வருகிறது. சிலிண்டரின் அடிவிளிம்பையும், வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டையும் அது எங்கே நெருங்குகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். குறைந்தது ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இல்லாத இடத்தில் விளிம்பைக் கைக் கிரைண்டரால் சற்றே தேய்த்துக் கொடுக்கலாம். பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, டயல் கேஜை அதன் பின்னுக்கு நேர்மேலே வைத்து, டெக்கிலிருந்து எவ்வளவு தாழ நிற்கிறது என்று ஆறு சிலிண்டரிலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பழைய பிளாக்குகளில் முதல் சிலிண்டருக்கும் ஆறாவது சிலிண்டருக்கும் இந்த எண் ஒன்றாக இருப்பதில்லை. மேலே போட்ட எல்லாக் கம்ப்ரஷன் கணக்கையும் இந்த உண்மையான எண்களை வைத்து மறுபடி போட்ட பிறகே கேஸ்கெட்டையும் பிஸ்டனையும் முடிவு செய்வது முறை. புதிய கேம் ஷாஃப்ட் போடுபவர், பிஸ்டன் தலையில் எண்ணெய் தடவிய களிமண்ணை வைத்து, ஹெட்டைப் பூட்டி, இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணைக் கத்தியால் வெட்டி அதன் தடிமனை அளக்கலாம். உள்வால்வுக்கு இரண்டு மில்லிமீட்டர், வெளிவால்வுக்கு இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும்.

தமிழ்நாட்டில் இதைப் படித்துவிட்டுத் தம் வண்டியில் முயல நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கொள்ளளவும் அந்த விவரங்களில் ஒன்று. அமெரிக்காவிலும் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் புகைச் சோதனை விதிகள் கடுமையானவை.

கட்டி முடித்த இன்ஜினை முதன்முறை இயக்கும்போது ஐட்லிங்கில் விட்டுவிடக் கூடாது. கேமின் அசைவைப் புஷ் ராடுக்குக் கடத்தும் டாப்பெட்டுகள், இந்த இன்ஜினில் கேமின்மேல் நேரடியாக உரசிச் சுழல்பவை; புதிய கேமும் புதிய டாப்பெட்டும் ஒன்றோடொன்று பழகும்வரை ஏராளமான எண்ணெய் தெறித்து விழ வேண்டும். ஆகவே துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள ஆயிலை ஊற்றி, ஆயில் அழுத்தம் வந்துவிட்டதை உறுதிசெய்துகொண்டு, இன்ஜின் பிடித்த உடனே 2,000 ஆர்.பி.எம்.முக்கு உயர்த்தி, சற்றே ஏற்றியும் இறக்கியும் இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். ஒருவர் வண்டிக்குள் வெப்பமானியையும் ஆயில் மீட்டரையும் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் டார்ச்சோடு கசிவுகளைத் தேடுவது நல்லது. நிறுத்திய பிறகு அந்த ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு, பில்டரைக் கழற்றி அதன் தகட்டை வெட்டித் திறந்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை வெயிலில் விரித்துப் பார்க்க வேண்டும். கரும்பசை போன்ற அசெம்ப்ளி கிரீஸும் மிக நுண்ணிய சாம்பல் நிறத் துகளும் எதிர்பார்த்தவையே. விரலால் தடவும்போது நெருடுகிற, வெயிலில் மின்னுகிற சீவல்கள் இருந்தால், அது பேரிங்கிலிருந்தோ கேமிலிருந்தோ வந்தது. வண்டியைச் சாலைக்கு எடுக்காமல் ஆயில் பானை அன்றே இறக்கிவிடுங்கள்.